அகர்வாலின் இரண்டு பேரேடுகள்

அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் உள்ள எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தில் 1989 முதல் 2015 வரை ஆய்வுக்கூடம் நடத்தியவர் பாரத் அகர்வால். அவர் பெயர் தாங்கிய ஆய்வுக்கட்டுரைகள் 600-ஐத் தாண்டும். உலகில் மிகுதியாக மேற்கோள் காட்டப்படும் அறிவியலாளர்கள் என்று தாம்சன் ராய்ட்டர்ஸ் நிறுவனம் 2015-இல் தொகுத்த பட்டியலில் அவரும் இருந்தார். 2016 பிப்ரவரியில், தரவுகளின் நம்பகத்தன்மை பற்றிய ஐயங்களின் பேரில், 'பயோகெமிக்கல் ஃபார்மகாலஜி' என்ற ஆய்விதழ் அவருடைய ஏழு கட்டுரைகளை ஒரே நேரத்தில் திரும்பப் பெற்றது. பிற இதழ்களும் சேர்ந்துகொள்ள, திரும்பப் பெறப்பட்டவற்றின் எண்ணிக்கை இன்று 30-ஐ ஒட்டி நிற்கிறது.

இந்தச் செய்திகளை அருகருகே அடுக்கி, "பார்த்தீர்களா, புகழெல்லாம் பொய்" என்று கதையை முடித்துவிடலாம். பலர் அப்படித்தான் முடிக்கிறார்கள். அது சோம்பல் தீர்ப்பு. 600 கட்டுரைகளில் 30 என்பது இருபதில் ஒன்று. மீதி 570 என்ன ஆயின? அவை நிற்கின்றனவா? நிற்கின்றன என்றால் எதன் மேல் நிற்கின்றன? அகர்வாலின் பதிவேட்டை ஒரே பேரேடாகக் கூட்டிக் கழிப்பதுதான் முதல் தவறு என்பது என் எண்ணம். அதில் இரண்டு பேரேடுகள் கலந்து கிடக்கின்றன. ஒன்று மெலிந்தது, உறுதியானது. மற்றது பருத்தது, மேற்கோள்களில் பெரும்பங்கைப் பெற்றது. ஆனால் புற்றுநோயாளியின் படுக்கை வரை அது போய்ச் சேரவே இல்லை.

முதல் பேரேடு, அகர்வால் முன்பு பணியாற்றிய ஜெனென்டெக் நிறுவனத்தில் தொடங்குகிறது. 1975-இல் நியூயார்க்கின் ஸ்லோன் கெட்டரிங் மையத்தில் லாய்ட் ஓல்டின் குழு, எலிகளின் கட்டிகளை அழுகச் செய்யும் ஒரு பொருள் அவற்றின் இரத்தச் சீரத்தில் இருப்பதைக் கண்டு, அதற்குக் கட்டி அழுகல் காரணி (டிஎன்எஃப்) என்று பெயரிட்டது. பெயர் கிடைத்துவிட்டது, பொருள் கையில் கிடைக்கவில்லை. இரத்தத்தில் மிக நுண்ணிய அளவே இருக்கும் ஒரு புரதத்தைப் பிற புரதங்களிலிருந்து பிரித்து, தூய வடிவில் எடுத்து, அதன் அமினோ அமில வரிசையைப் படிக்க வேண்டும். அந்த வேலையைச் செய்த கைகளில் முக்கியமானவை அகர்வாலுடையவை. லிம்ஃபோடாக்ஸின் என்ற உறவுப் புரதத்தைத் தூய்மைப்படுத்திய கட்டுரை 1984-லும், மனித டிஎன்எஃப் புரதத்தைத் தூய்மைப்படுத்திய கட்டுரை 1985-லும் 'ஜர்னல் ஆஃப் பயாலஜிக்கல் கெமிஸ்ட்ரி'யில் வந்தன. அதே 1985-இல் அப்புரதம் ஒட்டிக்கொள்ளும் ஏற்பிகளைப் பற்றி 'நேச்சர்' இதழில் ஒரு கட்டுரை. அவரோடு பணியாற்றியோர் இரண்டு புரதங்களின் மரபணுக்களையும் 1984-லேயே பிரித்தெடுத்து வெளியிட்டுவிட்டனர்.

இந்தக் கட்டுரைகளை எப்படிச் சரிபார்ப்பது? மேற்கோளை எண்ண வேண்டியதில்லை. புரதம் தூய்மையானதா இல்லையா என்பதற்கு ஒரே விடைதான் உண்டு. வரிசை சரியாக இருந்தால் மரபணு கிடைக்கும், மரபணு கிடைத்தால் பாக்டீரியாவில் வைத்து அதே புரதத்தை வளர்க்கலாம், வளர்த்த புரதம் வேலை செய்யும். ஒவ்வொரு படியும் முந்தைய படியைச் சோதித்துவிடுகிறது. தவறு இருந்திருந்தால் உலகின் பிற கூடங்கள் ஓராண்டுக்குள் கண்டுபிடித்திருக்கும்.

பிறகு நடந்தது விசித்திரமானது. கட்டியை அழிக்கும் என்று தேடிய புரதத்தை நோயாளியின் இரத்தத்தில் செலுத்தியபோது கட்டி அழியுமுன் நோயாளியே அதிர்ச்சி நிலைக்குப் போனார். புற்றுநோய் மருந்தாக அது தோற்றது. ஆனால் அதே புரதம்தான் மூட்டு அழற்சியின் முக்கியத் தூண்டுகோல் என்பதை லண்டனில் மார்க் ஃபெல்ட்மனும் ரவீந்தர் மைனியும் காட்ட, அதைத் தடுக்கும் மருந்துகள் பிறந்தன. இன்ஃப்ளிக்ஸிமாப், எட்டனர்செப்ட் இரண்டும் 1998-இலும் அடலிமுமாப் 2002-இலும் அமெரிக்க அனுமதி பெற்றன. இந்த மருந்துகளை அகர்வால் செய்யவில்லை. ஆனால் எதைத் தடுப்பது என்று தெரியாமல் யாரும் தடுப்பு மருந்து செய்திருக்க முடியாது. அவருடைய வாழ்நாள் பணியில் மனித உடலைத் தொட்டு நன்மை செய்ததற்கு நேர்கோடு வரையக்கூடிய இடம் இதுதான். அது புற்றுநோய்க்கு வெளியே போய் விழுந்தது என்பது தனிக்கதை.

இரண்டாவது பேரேட்டுக்கு வருவோம். தமிழ் வாசகருக்கு அதன் நாயகன் நெருங்கிய சொந்தம். மஞ்சள் பொடியின் எடையில் ஏறத்தாழ 3 விழுக்காடு இருக்கும் குர்குமின்தான் அது. மஞ்சளுக்குப் புற்றுநோய் எதிர்ப்புத் திறன் இருக்கலாம் என்று கேரளத்தின் திருச்சூரிலிருந்து ராமதாசன் குட்டனின் குழு 1985-லேயே எழுதியிருந்தது. அகர்வால் அதற்கு மூலக்கூறு மொழி தந்தார். டிஎன்எஃப் ஒரு செல்லைத் தொடும்போது உள்ளே என்எஃப்-கப்பா-பி என்ற புரதம் விழித்து உட்கருவுக்குள் போய் அழற்சி மரபணுக்களை இயக்கும். குர்குமின் அந்த விழிப்பைத் தடுக்கிறது என்று அவரும் ஒரு சக ஆய்வாளரும் 1995-இல் எழுதினார்கள். தர்க்கம் நேர்த்தியானது: தான் தூய்மைப்படுத்திய புரதத்தின் பாதையிலேயே நடந்து, அதை அடைக்கும் பொருளைச் சமையலறையில் கண்டெடுக்கிறார்.

அதன் பின் வந்த இருபது ஆண்டுகளை வாசிக்கும்போது எனக்குச் சலிப்பு தட்டியது உண்மை. அச்சு ஒன்று, வார்ப்பு பல. மிளகாயின் கேப்சைசின், திராட்சையின் ரெஸ்வெராட்ரால், குங்கிலியத்தின் குக்குல்ஸ்டெரோன், கருஞ்சீரகத்தின் தைமோகுயினோன், இன்னும் பல. ஒவ்வொன்றும் செல்களின் மேல் ஊற்றப்படுகிறது, என்எஃப்-கப்பா-பி அடங்குகிறது, புரத அளவைப் பட்டையாகக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட் படத்தில் பட்டை மங்குகிறது, இப்பொருள் புற்றுநோய்க்கு உதவக்கூடும் என்று கட்டுரை முடிகிறது. பத்தாவது பொருளிலும் இருபதாவது பொருளிலும் அதே விடை வரும்போது ஒரு மருந்தியலாளருக்குக் கேள்வி எழ வேண்டும்: எதை ஊற்றினாலும் மங்கும் பட்டை எதை அளக்கிறது? வேதி வடிவில் ஒன்றுக்கொன்று ஒட்டுறவே இல்லாத பொருள்கள் எல்லாம் ஒரே பூட்டைத் திறந்தால், சாவிகளைப் பாராட்டுமுன் பூட்டை ஒருமுறை பார்க்க வேண்டாமா?

இந்தச் சந்தேகத்துக்கு வேதியியலாளர்கள் பெயரே வைத்திருக்கிறார்கள். சோதனைக் குழாயில் எல்லாவற்றிலும் வேலை செய்வதுபோல் காட்டி ஏமாற்றும் சேர்மங்களை 2010-இல் ஜோனத்தன் பேலும் ஜார்ஜினா ஹாலவேயும் வகைப்படுத்தி, 'பெயின்ஸ்' என்று சுருக்கப் பெயர் தந்தனர். குர்குமின் அந்த வகையின் இலக்கணம். அது தானே ஒளிரும், அதனால் ஒளியை அளக்கும் கருவியைக் குழப்பும். உலோக அயனிகளைப் பிடித்துக்கொள்ளும். அகப்பட்ட புரதத்தோடு எல்லாம் பிணையும். செல் சவ்வைக் கலைக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, நிலைக்காது: உடல் வெப்பத்தில், சீரம் இல்லாத நடுநிலைக் கரைசலில் வைத்தால் அரை மணி நேரத்துக்குள் பத்தில் ஒன்பது பங்கு சிதைந்துவிடுகிறது. சீரம் சேர்த்தால் சற்றுத் தாங்கும். ஆக, பல சோதனைகளில் நாம் பார்த்தது குர்குமினின் வேலையா, அதன் சிதைவுகளின் வேலையா என்பதே திறந்த கேள்வி. 2017-இல் மின்னசோட்டாவின் கேத்ரின் நெல்சனும் சகாக்களும் 'ஜர்னல் ஆஃப் மெடிசினல் கெமிஸ்ட்ரி'யில் இதையெல்லாம் தொகுத்து, 120-க்கும் மேற்பட்ட மருத்துவ ஆய்வுகள் நடந்தும் போலி மருந்தோடு ஒப்பிட்ட இரட்டை மறைப்புச் சோதனை ஒன்றுகூட வெற்றி பெறவில்லை என்று எழுதினர்.

இந்தக் கடைசி வாக்கியத்தை நான் முழுதாக ஏற்கவில்லை. 2006-இல் ஜப்பானில் பெருங்குடல் புண் அழற்சி நோயாளிகள் 89 பேரிடம் நடந்த சோதனையில், வழக்கமான மருந்தோடு நாளுக்கு 2 கிராம் குர்குமின் எடுத்தவர்களில் நோய் திரும்பியது 43 பேரில் 2 பேருக்கு. போலி மாத்திரை எடுத்தவர்களில் 39 பேரில் 8 பேருக்கு. அது இரட்டை மறைப்புச் சோதனைதான். நெல்சன் குழுவின் கட்டுரை வந்ததுமே அது மிகைக்கூற்று என்று 'நேச்சர்' இதழில் மறுப்புக் கடிதமும் வந்தது. ஆனால் இந்த விதிவிலக்கு எங்கே நிகழ்ந்தது என்று கவனிக்க வேண்டும். குடலில். விழுங்கிய குர்குமின் நேரடியாகப் போய்த் தொடக்கூடிய ஒரே இடம் அதுதான். அதைக் கடந்து இரத்தத்துக்குள் போவதில்தான் அது தோற்கிறது.

அந்தத் தோல்வியின் ஆதாரம் அகர்வாலின் பெயர் உள்ள கட்டுரையிலேயே இருக்கிறது. 2008-இல் எம்.டி. ஆண்டர்சனில் கணையப் புற்றுநோயாளிகள் 25 பேருக்கு நாளுக்கு 8 கிராம் குர்குமின் கொடுத்தார்கள். விளைவை மதிப்பிட முடிந்தது 21 பேரிடம். ஒருவருக்கு நோய் 18 மாதங்களுக்கு மேல் நகராமல் நின்றது. இன்னொருவருக்குக் கட்டி 73 விழுக்காடு சுருங்கியது, சிறிது காலத்துக்கு மட்டும். 8 கிராம் விழுங்கியும் இரத்தத்தில் தென்பட்டது ஒரு மில்லிலிட்டருக்குச் சில பத்து நானோகிராம் அளவே. ஆய்வுக்கூடத் தட்டில் பட்டையை மங்கச் செய்யத் தேவைப்பட்ட செறிவுக்கு இது அருகில்கூட வராது. கட்டுரை இதை மறைக்கவில்லை, உடல் ஈர்ப்பது குறைவு என்று ஒப்புக்கொள்கிறது. நேர்மையான கட்டுரை. அதை எழுதிய பிறகும் தட்டுச் சோதனைகளை அதே செறிவில் தொடர்ந்ததுதான் எனக்குப் புரியாத விஷயம். மிளகின் பைபரின் 20 மில்லிகிராம் சேர்த்தால் குர்குமினின் ஈர்ப்பு 2000 விழுக்காடு கூடும் என்ற 1998-ஆம் ஆண்டு முடிவை எல்லாரும் சொல்வார்கள். ஏறத்தாழ இல்லாத ஒன்று இருபது மடங்கு பெருகினாலும் எங்கே போய் நிற்கும் என்று கணக்குப் போடுவோர் குறைவு.

குர்குமினைச் சோதித்த இன்னோர் ஆய்வாளரான மார்சியா குரூஸ்-கொரேயாவின் பதிவேட்டை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தோன்றுகிறது. குடும்ப வழியாக வரும் பெருங்குடல் மருக்கள் உள்ள ஐந்து பேருக்குக் குர்குமினும் குவெர்செடின் என்ற இன்னொரு செடிப்பொருளும் கொடுத்ததில் மருக்களின் எண்ணிக்கை 60 விழுக்காடு குறைந்ததாக 2006-இல் எழுதினார். ஒப்பீட்டுக் குழு இல்லை. அந்த முடிவைச் சுமந்து பத்து மீள்பார்வைக் கட்டுரைகள் எழுதி வாழ்ந்திருக்கலாம். அவரோ 44 நோயாளிகளைத் திரட்டி, குர்குமினை மட்டும் எடுத்துக்கொண்டு, போலி மாத்திரையோடு ஒப்பிட்டு, 12 மாதம் சோதித்து, வேறுபாடு இல்லை என்று 2018-இல் அறிவித்தார். மேற்கோள் கணக்கில் இது சிறிய வரவு. என் மதிப்பீட்டில் அகர்வாலின் கூடம் இருபது ஆண்டுகளில் குர்குமின் பற்றிச் சொன்னவற்றில் பலவற்றைவிட இந்த ஒரு மறுப்பின் எடை அதிகம்.

எதிர்ப்பக்கத்தில் வைக்க வேண்டியதையும் வைத்துவிடுகிறேன். ஆர்மீனியாவில் பரவிய மார்பகப் புற்றுநோய் உள்ள 150 பெண்களிடம், பாக்லிடாக்செல் என்ற புற்றுநோய் மருந்தோடு குர்குமினை நரம்பு வழியாகச் செலுத்திய சோதனை 2020-இல் வெளியானது. கட்டி சுருங்கியவர்களின் விகிதம் குர்குமின் பிரிவில் கூடுதல். குடலைச் சுற்றிக்கொண்டு போகும் வழி அது. வேறிடத்தில் மீண்டும் உறுதியானால் நான் மாற்றி எழுதத் தயார். ஆனால் அதுவரை எந்தப் புற்றுநோய்க்கும் குர்குமின் அனுமதி பெற்ற மருந்து அல்ல.

அப்படியானால் அந்த மேற்கோள்கள் எங்கிருந்து வந்தன? விசாரணையின் நடு முடிச்சு இதுதான் என்று நினைக்கிறேன். அகர்வாலின் கட்டுரைகளில் பெருமேற்கோள் பெற்றவை பலவும் சோதனைக் கட்டுரைகள் அல்ல, மீள்பார்வைக் கட்டுரைகள். குர்குமினின் புற்றுநோய் எதிர்ப்பு வாய்ப்புகள் பற்றிய 2003-ஆம் ஆண்டுக் கட்டுரையும், உடல் ஈர்க்காத சிக்கலைப் பற்றிய 2007-ஆம் ஆண்டுக் கட்டுரையும் ஆயிரக்கணக்கில் மேற்கோள் காட்டப்பட்டவை. முனைவர் பட்ட மாணவர் ஒருவர் முன்னுரை எழுதும்போது, குர்குமின் அழற்சியை அடக்கும் என்ற வாக்கியத்துக்கு ஓர் எண் தேவை. மூலச் சோதனைகள் நாற்பதைத் தேடிப் படிப்பதைவிட, அவற்றைத் தொகுத்த ஒரு மீள்பார்வையைக் காட்டுவது எளிது. அந்த மீள்பார்வை தன் ஆதாரங்களில் கணிசமானவற்றைத் தன் கூடத்திலிருந்தே எடுக்கிறது. பிறகு கூடத்துக் கட்டுரைகளில் சில திரும்பப் பெறப்படுகின்றன. மீள்பார்வைக்கு ஒன்றும் ஆவதில்லை. அதில் பட்டைப் படம் இல்லை, தரவு இல்லை, சோதனை இல்லை. எதைக் காரணம் காட்டித் திரும்பப் பெறுவது? அடித்தளத்தில் கல் உருவப்பட்ட பிறகும் அதன் மேற்கோள் எண் ஏறிக்கொண்டே இருக்கும். 2005-இல் ஹார்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் வகுத்த எச்-இன்டெக்ஸ், சோதனையையும் தொகுப்பையும் பிரித்துப் பார்க்காது. ஒருவர் சொன்னது சரியா என்பதும் அதற்குத் தெரியாது. எத்தனை பேர் கைகாட்டினார்கள் என்பது மட்டும் தெரியும்.

அகர்வாலுக்காக வாதாடுபவர் சொல்லக்கூடியவை உண்டு, அவை அற்பமும் அல்ல. திரும்பப் பெறுதல்களுக்குப் பின்னாலிருந்த படக் கோளாறு ஒருவரின் கூடத்தில் மட்டும் இருப்பதல்ல. எலிசபெத் பிக்கும் வேறு இருவரும் 20,621 கட்டுரைகளைக் கண்ணால் பார்த்து, அவற்றில் 3.8 விழுக்காட்டில் ஐயத்துக்குரிய படங்களை 2016-இல் காட்டினர். ஆம்ஜென் நிறுவனத்தார் புற்றுநோய்த் துறையின் 53 முக்கிய ஆய்வுகளைத் திருப்பிச் செய்து பார்த்ததில் ஆறு மட்டுமே தேறின என்று 2012-இல் எழுதினர். துறையே இப்படி இருக்கும்போது ஒருவரை மட்டும் நிறுத்துவானேன்? திரும்பப் பெறுதல் என்பது மோசடித் தீர்ப்பும் அல்ல; படத்தைத் தயாரித்தவர் யாரோ ஓர் இளம் ஆய்வாளராக இருக்கலாம்.

இதில் பாதியை ஏற்கிறேன். யார் கை என்று நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் 600 கட்டுரைகளின் புகழ் மூத்த ஆசிரியருக்குச் சேரும்போது, அவற்றின் படங்களைப் பார்க்கும் பொறுப்பும் அவருக்கே சேரும். வரவை மட்டும் தன் பெயரில் எழுதிக்கொள்ள முடியாது. ஐயம் எழுந்தபோது மூலப் படங்களைப் பொதுவில் வைப்பது ஒரு வழி. 2013-இல் அவருடைய வழக்கறிஞர்கள், இதைப் பற்றி எழுதிவந்த 'ரிட்ராக்ஷன் வாட்ச்' தளத்துக்கு மிரட்டல் கடிதம் அனுப்பியது வேறு வழி. அறிவியலாளர் வக்கீலை அனுப்பும் இடத்தில் நான் நற்பெயருக்குத் தரும் சலுகையை நிறுத்திக்கொள்கிறேன்.

நம் ஊருக்கும் இதில் பங்கு உண்டு. அகர்வால் தொகுத்து 2007-இல் வெளியான குர்குமின் பற்றிய தடித்த நூலில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தார் எழுதிய அத்தியாயம் ஒன்றும் இருக்கிறது. அதுவும் நிறைய மேற்கோள் பெற்றதுதான். தமிழகக் கல்லூரிகள் ஆண்டுதோறும் 'ஸ்டான்ஃபோர்டு பட்டியல்' என்று விளம்பரம் செய்கின்றன. ஜான் அயோனிடிஸும் சகாக்களும் தொகுக்கும் முதல் இரண்டு விழுக்காட்டுப் பட்டியல் அது. அதன் அண்மைப் பதிப்புகளில் ஒருவரின் திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளின் எண்ணிக்கையும் தனி நிரலாக வருகிறது. அந்த நிரலை அச்சிட்ட விளம்பரம் எதையும் நான் இதுவரை பார்க்கவில்லை.

புற்றுநோய் மருந்தியலில் ஒரு பதிவேடு எவ்வளவு சிறிதாக இருக்கலாம் என்பதற்கு பார்னெட் ரோஸன்பெர்க் போதும். பிளாட்டினச் சேர்மம் பாக்டீரியாக்கள் பிளவுறுவதைத் தடுப்பதை 1965-லும், எலிகளின் கட்டிகளை அது சுருக்குவதை 1969-லும் 'நேச்சர்' இதழில் எழுதினார். அந்தச் சேர்மம் 1978-இல் சிஸ்பிளாட்டின் என்ற மருந்தானது. விரைப்பைப் புற்றுநோய் குணமாகும் நோயாயிற்று. அந்த இரண்டு சிறு கட்டுரைகளையும் குர்குமின் மலையையும் ஒரே தராசில் வைக்கச் சொன்னால், மேற்கோள் எண் எந்தப் பக்கம் சாய்க்கும் என்பதைவிட, நாம் ஏன் அந்தத் தராசைக் கையில் வைத்திருக்கிறோம் என்பதே எனக்கு முக்கியமான கேள்வி.

என் தீர்ப்பு இது. 1984, 1985 கட்டுரைகள் அகர்வாலின் பெயரை நிலைநிறுத்தப் போதுமானவை. பின்னால் நடந்த எதுவும் அவற்றை அழிக்காது, அழிக்கவும் கூடாது. 1995-இன் குர்குமின் கட்டுரை சோதிக்கத் தகுந்த ஒரு கருதுகோள். பத்து ஆண்டுகளுக்குள் மனித உடலில் சோதித்துக் கைவிட்டோ திருத்தியோ இருக்க வேண்டியது. அதன் பின் வந்த செடிப்பொருள் வரிசையில், வேறு கூடம் எதுவும் சுயமாகத் திரும்பச் செய்து காட்டாதவற்றை, திரும்பப் பெறப்படாதவையாக இருந்தாலும், ஆதாரமாகக் கொள்ள மாட்டேன். பொய் என்று நிரூபணமானதால் அல்ல. அதே கூடம், அதே சோதனை, அதே வகைப் படம். அந்தக் கூடத்தின் கட்டுரைகளில் ஏறத்தாழ 30 விழுந்துவிட்ட பிறகு மெய்ப்பிக்கும் சுமை கட்டுரையின் தோளுக்கு மாறிவிட்டது. மீள்பார்வைகளை, உடல் ஈர்க்காத சிக்கலை விவரிக்கும் 2007-ஆம் ஆண்டுக் கட்டுரை நீங்கலாக, மருந்தியல் சான்றாக எந்த ஆய்வேட்டிலும் அனுமதிக்க மாட்டேன். அந்த ஒன்றிலும் சிக்கலைச் சொல்லும் பகுதியை மட்டும்.